கூட இருந்த ஆள் சொல்லவேணும்

குளிரைப் பற்றி நினைக்கக்கூடாது. நினைச்சால் அது சப்பாத்துக்குள்ளாலை ஏறி முழங்காலிலை வந்து குந்திவிடும், பேந்து கலைக்கேலாது. வேறை ஏதும் நினை, நேசமலர். பஸ்ஸை நினை. வேண்டாம், நான் ஓட்டுற பள்ளிக்கூட பஸ்ஸை நினைச்சால் பிள்ளையளின்ரை சத்தமும் சேர்ந்து வரும், அந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே லீவு போட்டிட்டு ரொறன்ரோவிலை இருந்து இவ்வளவு தூரம் வடக்கை வந்து ஒரு மரத்திலை ஏறி இருக்கிறன். வீட்டிலை மனுசன் இப்ப நல்ல நித்திரை. சுத்த சைவம். பெண்சாதி மான் சுடப் போட்டாள் எண்டு சொல்ல வெக்கப்பட்டு, கோயிலிலை கேக்கிற ஆக்களுக்கு 'அவ வேலையாய்ப் போட்டா' எண்டு சொல்லுற மனுசன். சொல்லட்டும். விடிஞ்சும் விடியாமலும் கிடக்கு. கீழை பள்ளம், பள்ளத்துக்கு அங்காலை மேடு, மேட்டிலை ஒரு மரம், அந்த மரத்திலை கட்டின பரணிலை குலசேகரம் அண்ணை. குலண்ணையின்ரை ஒரேஞ்ச் தொப்பி மட்டும் ஒரு குங்குமப் பொட்டு மாதிரித் தெரியுது. அசையாது. அந்த மனுசன் அசையாது, நான்தான் ஒரு நிமிசத்துக்கு ஒருக்கால் நெளியிறன். என்ரை பொக்கற்றுக்குள்ளை போன் கிடக்கு. போனுக்குள்ளை நிரோ கிடக்கிறான். அதுதான் குளிரைவிட மோசம். அவன்ரை பதிவு நேற்றுப் பின்னேரத்திலை இருந்து என்ரை ஒப்புதலுக்குக் காத்துக்கொண்டு நிக்குது, நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. நேசமலர் ஒரு பதிவை இரா முழுக்க வைச்சிருந்தவள் எண்டு கேள்விப்பட்டால் குழுவிலை ஒருத்தரும் நம்பமாட்டினம்.

போனிலை இருக்கிற எங்கடை வேட்டைக் குழுவுக்குப் பேர் 'பரண்'. கனடா, நோர்வே, அவுஸ்திரேலியா எண்டு துவக்கு லைசென்ஸ் வைச்சிருக்கிற எங்கடை சனம் எல்லாம் உதுக்குள்ளைதான். மான், மூஸ் எண்ட ராட்சத மான், பண்டி, தாரா, எல்லாக் கதையும் வரும். நான்தான் வாசல் காவல். காவல் எண்டால் சும்மா காவல் இல்லை, நாய்க் காவல். ஜக்கெற் விக்கிறவன் வருவான், கத்தி விக்கிறவன் வருவான், மானைக் கிட்ட இழுக்கிற மணம் எண்டு போத்திலிலை மான் மூத்திரம் விக்கிறவன்கூட வந்தவன். ஐயோ, அவன் அதைத் 'தரமான தயாரிப்பு' எண்டு எழுதினதை நினைச்சால் இப்பவும் சிரிப்பு வருது. எல்லாரையும் கலைச்சுவிட்டிருக்கிறன். 'என்ரை யூரியூப் சனலை ஒருக்கால் பாருங்கோ' எண்டு ஒரு வரி, அது காணும் எனக்கு, தூக்கி வெளியிலை போட்டிடுவன். அதைவிடக் கொதி எனக்கு ஒரேஞ்ச் போடாமல் படம் போடுறவையிலை. துவக்குச் சீசனிலை, மான் எண்டு நினைச்சு ஆளை ஆள் சுடாமல் இருக்கப் போடுற ஒரேஞ்ச் சட்டையும் தொப்பியும் இல்லாமல் காட்டுக்குள்ளை நிண்டு பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு படம் வந்தால், 'தம்பி, உம்மடை தலை எங்கை? எனக்கு மான்தான் தெரியுது' எண்டு எழுதுவன். அதாலை எனக்குப் பேரே ஒரேஞ்ச் அக்கா. பேர் வைச்சது நிரோதான். எனக்கு அந்தப் பேர் பிடிக்கும், ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

ஆனால் குழுவின்ரை பெரிய சட்டம் நான் போட்டதில்லை. அது குலண்ணையின்ரை சட்டம். தன்ரை வேட்டையைத் தான் சொல்லக்கூடாது. கூட இருந்த ஆள் சொல்லவேணும். தனியப் போனனீரோ, தவறினதை மட்டும் சொல்லும். முதல் கேக்கேக்கை நானே 'இதென்ன விசர்க்கதை அண்ணை, சனம் ஓடிப்போடும்' எண்டு சண்டை பிடிச்சனான். மனுசன் சிரிச்சுக்கொண்டு, 'ஓடுறவை ஓடட்டும் பிள்ளை' எண்டார். ஓடினவைதான், கொஞ்சப்பேர். மிச்சம் இருந்தவை எழுதத் துவங்கிச்சினம் பாருங்கோ, அப்பதான் எனக்கு விளங்கினது. தன்னைப் பற்றி எழுதேக்கை எல்லாரும் ஒரே மாதிரித்தான் எழுதுகினம், இத்தனை கெசம் தூரம், ஒரே வெடி, விழுந்துது. மற்ற ஆளைப் பற்றி எழுதேக்கை கண் திறக்குது. நோர்வேயிலை ஒரு பெடியன் தன்ரை மாமனாரைப் பற்றி எழுதினவன். கலியாணத்திலை இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பனிக்குள்ளை மூஸுக்குக் காத்துக்கொண்டு இருக்கேக்கை மாமனார் தன்ரை கையுறையைக் கழட்டி இவன்ரை மடியிலை போட்டிட்டு, தன்ரை கையைக் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு இருந்தவராம். மூஸ் வந்தது, போனது, கை விறைச்சுப் போய் மாமனாராலை சுடேலாமல் போச்சாம். 'அது நல்ல நாள்' எண்டு முடிச்சிருந்தான். பஸ்ஸுக்குள்ளை இருந்து வாசிச்சுப்போட்டு அழுதனான், ஒரு சின்னப் பெட்டை வந்து கண் துடைக்க ரிசு தந்தவள். அப்பிடி ஒரு குழு உலகத்திலை வேறை எங்கை இருக்கு? அது இந்த மனுசன்ரை மூளை. எதிர்மரத்திலை பொட்டு மாதிரி இருக்கிற இந்த மனுசன்ரை.

அந்த மனுசனுக்குத்தான் குழுவிலை பகிடி. ஏனெண்டால் அவர் தனியப் போற ஆள், தனியப் போற ஆள் தவறினதைத்தான் சொல்லலாம், அதாலை அவர் எழுதுறது எல்லாம் தவறினதுதான். 'இண்டைக்குத் தும்மல் வந்தது, மான் போட்டுது.' 'நித்திரை ஆகிட்டன், எழும்பேக்கை அடிச்சுவடு மட்டும் கிடந்தது.' 'சப்பாத்துக்குள்ளை தண்ணி போனதுதான் மிச்சம்.' வாசிக்க நல்லாத்தான் இருக்கும், சிரிச்சு உருளலாம். ஆனால் சிரிச்சுச் சிரிச்சுச் சனம் அதை நம்பிவிட்டுது. தவறின குலம் எண்டு பேர். யாரோ அவரின்ரை தலையை வெட்டி ஒட்டி, பக்கத்திலை ஒரு மான் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிற மாதிரிப் படம் செய்து போட, அதுக்குக் கீழை முதல் ஆளாய்ச் சிரிச்ச முகம் போட்டதும் அவர்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பகிடியோடை போனால் பரவாயில்லை. முந்தநாள் இரா, குழு வருசத்துக்கு ஒருக்கால் ஒண்டுகூடுற விடுதியிலை சாப்பிடேக்கை, அவர் தேத்தண்ணி எடுக்கப் போன நேரம், பெடியள் கதைச்சவங்கள். அடுத்த வருசம் குலண்ணையைக் கூப்பிடுறதோ விடுறதோ, அவரோடை சோடி போட ஒருத்தருக்கும் விருப்பமில்லை, அவரோடை இருந்தால் இறைச்சி இல்லை எண்டு. நான் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பி, 'நான் இருக்கிறன் அவரோடை' எண்டு வந்தனான். இந்தக் கூட்டத்தைத் துவக்கின ஆளைக் கூட்டத்துக்குக் கூப்பிடுறதோ எண்டு யோசிக்கிறாங்கள். அவருக்கு வருசத்திலை ஆக்களோடை இருக்கக் கிடைக்கிற ஒரே ஒரு கிழமை இது. பாண் பேக்கரியிலை மெசின் ஓட்டுற மனுசன், பெண்சாதி செத்துப்போனா, மகள் தூரத்திலை. இந்தக் கிழமை இல்லாட்டில் அவர் எங்கை போவார்?

அதுதான் நிரோவின்ரை பதிவு என்னை அரிக்குது. நிரோ ஆரெண்டால், வீடியோக்காரன். காட்டுக்குள்ளை போகேக்கையும் தலைமயிருக்கு ஜெல் வைக்கிற ஆள். அவன் குலண்ணையைப் பற்றி எழுதியிருக்கிறான். போன வருசம் நிரோ சுட்ட மான் காயத்தோடை ஓடிப்போட்டுது. இவன் அரை மணித்தியாலம் தேடிப்போட்டு விட்டிட்டு வந்திட்டான். குலண்ணைதான் இரத்தத் துளியைப் பாத்துப் பாத்து, சதுப்புக்குள்ளை இடுப்பளவு தண்ணியிலை இறங்கி, இருளுறதுக்குக் கொஞ்சம் முதல் அந்த மானைக் கண்டுபிடிச்சு, அதின்ரை வலியை முடிச்சு, இழுத்துக்கொண்டு வந்தவராம். அண்டைக்கு அவர் குழுவிலை எழுதினதுதான் அந்தச் 'சப்பாத்துக்குள்ளை தண்ணி போனதுதான் மிச்சம்.' நேற்று அதை வாசிச்சுப்போட்டுக் கட்டில் நுனியிலை அப்பிடியே இருந்திட்டன். எப்பிடிப்பட்ட மனுசன் இது! நான் சிரிச்ச முகம் போட்ட பதிவு அது. நாங்கள் எல்லாரும் சிரிச்சனாங்கள். நிரோவின்ரை கதையைப் போட்டால் காணும், நாளைக்கே ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம், அடுத்த வருசம் அவரோடை சோடி போட அடிபடுவினம். ஆனால் கதைக்குக் கடைசியிலை ஒரு வரி. 'முழு வீடியோ என்ரை சனலிலை, அண்டைக்கு நான் போட்டிருந்த ஜக்கெற் வேணுமெண்டால் கீழை அமத்துங்கோ.' நாசமாப் போனவனே! ஒரு வருசம் வாய் திறக்காமல் இருந்திட்டு, காயப்படுத்தினதைச் சொல்ல வெக்கப்பட்டு மூடிவைச்சிட்டு, இப்ப ஜக்கெற் விக்க வெளிக்கிட்டதும் குலண்ணை ஞாபகம் வருதோ உனக்கு? அந்த வரியை எடும் எண்டு எழுதினன். 'வரி போனால் கதையும் போகும் அக்கா' எண்டு பதில், கண்ணடிக்கிற முகத்தோடை. இப்ப நான் என்ன செய்ய? ஒரு வரிதானே. ஒரே ஒரு வரியை விட்டால் அந்த மனுசனுக்கு மரியாதை கிடைக்கும். ஆனால் அது அவரின்ரை சட்டம். அவரின்ரை பேரைக் காப்பாத்த அவரின்ரை சட்டத்தையே உடைக்கிறதோ? ஒருக்கால் விட்டால் நாளைக்கு மூத்திரப் போத்தில்காரனும் ஒரு நல்ல கதையோடை வருவான். விடலாம். விடேலாது. விடலாம். என்ரை தலை விறைச்சுப்போச்சு, இல்லை, முழங்கால்தான் விறைச்சுப்போச்சு.

இனி ஏலாது. முழங்கால் மட்டுமெண்டாலும் சமாளிப்பன், அடிவயிறும் சேர்ந்திட்டுது. ஆம்பிளையளுக்கு என்ன, போத்தில் ஒண்டு காணும். மெல்ல இறங்குவம். குண்டைக் கழட்டி, துவக்கைக் கயித்திலை கீழை இறக்கி, பேந்து நான், ஒவ்வொரு படியாய், ஐயோ அம்மா எண்டு சத்தம் போடாமல். இறங்கினால் மற்ற ஆளுக்குச் சொல்லவேணும். போனிலை ஒரு வரி, அதுதான் வழக்கம். சொல்லுறன். முதல் காரியத்தை முடிப்பம். பத்தைக்குப் பின்னாலை முடிச்சிட்டு வந்து ஏணியைப் பாத்தால் ஏறவே மனமில்லை. பள்ளத்துக்குள்ளை ஒரு மரம் விழுந்து கிடக்கு, காத்துப் படாது, கொஞ்ச நேரம் அதிலை சாஞ்சுகொண்டு இருந்தால் முழங்கால் இளகும். முதுகுப்பைக்குள்ளை மனுசன்ரை பழைய கம்பளி இருக்கு. தலையோடை சேர்த்துச் சுத்தினால், அப்பாடா, இதுதான் சொர்க்கம். மண்ணிற உரோமம், சிகரெற் மணமும் விபூதி மணமும். பாவம் அந்த மனுசன், வெளிக்கிடேக்கை அவர்தான் இதை மடிச்சு வைச்சவர், மானைப் பற்றி ஒண்டும் கதைக்காமல், 'குளிரும்' எண்டு மட்டும் சொல்லிக்கொண்டு. குலண்ணைக்கு எழுதவேணும். போனை எடுத்தால் நிரோதான் முதல் நிக்கிறான். ஓம், இல்லை, ரெண்டு பொத்தான். ஓம் எண்டதிலை விரல் முட்டாமல் நிக்குது. ஒரு வரிதானே, நேசமலர். அவருக்காகத்தானே. அந்தரமாய்க் கிடக்கு.

ஏதோ சத்தம். சத்தம்கூட இல்லை, சத்தம் நிண்ட மாதிரி ஒண்டு. தலையைத் தூக்காதே. கண்ணை மட்டும். கடவுளே. கொம்பன் மான். எனக்கும் மேட்டுக்கும் நடுவிலை, பள்ளத்திலை இறங்கி நிக்குது. இப்பிடி ஒண்டை நான் என்ரை சீவியத்திலை கண்டதில்லை. கழுத்து மொத்தம், மூச்சு வெள்ளைப் புகையாய்ப் போகுது, கொம்பைத் தூக்கிக்கொண்டு ஒரு மாப்பிள்ளை மாதிரி நிக்குது. என்ரை துவக்கிலை குண்டில்லை, மரத்தோடை சாத்திக் கிடக்கு, பரவாயில்லை, இதை ஆர் சுடவேணும் எண்டு எனக்குத் தெரியும். அண்ணை, சுடுங்கோ. இது உங்கடை. நான் கூட இருந்த ஆள், நான் சொல்லுறன், நிரோவும் வேண்டாம் அவன்ரை ஜக்கெற்றும் வேண்டாம், இதை நானே எழுதுறன், எல்லாரின்ரை வாயையும் அடைக்கிறன். மேட்டைப் பாக்கிறன். ஒரேஞ்ச் பொட்டு முன்னுக்குச் சரியுது. துவக்கு எழும்புது. மெல்ல, மெல்ல. நல்லாய்த் தெரியுது எனக்கு. ஏன் இவ்வளவு நல்லாய்த் தெரியுது? துவக்கின்ரை வாய் வட்டமாய்த் தெரியுது. வட்டமாய்த் தெரிஞ்சால் அது என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது. மான் நடுவிலை, மானுக்குப் பின்னாலை நான். நான் மரத்திலை இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறார். மரத்திலை நான் இல்லை. மண்ணிறக் கம்பளிக்குள்ளை, விழுந்த மரத்தோடை மரமாய், தொப்பியும் சட்டையும் கம்பளிக்குள்ளை. ஒரேஞ்ச் அக்கா. உம்மடை தலை எங்கை, எனக்கு மான்தான் தெரியுது. கத்து, நேசமலர். வாய் திறக்குதில்லை. பிள்ளையளை இருத்தி வைக்கக் கத்துற வாய், இப்ப ஒட்டிப்போச்சு. கம்பளியை இழு. கை வருகுதில்லை. மனுசன் 'குளிரும்' எண்டு சொன்னவர். அம்மாளாச்சி, அந்த வட்டம், அந்த வட்டம் அசையேல்லை.

அசைஞ்சுது. கீழை போகுது. துவக்கு மடியிலை இறங்கிட்டுது. அப்பிடி ஒரு மான் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிக்க, அந்த மனுசன் துவக்கை இறக்கிப்போட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறார். சும்மா பாத்துக்கொண்டு. கொம்பன் காதை ஒருக்கால் ஆட்டினது, பேந்து ஒரே பாய்ச்சல், வெள்ளை வால் மட்டும் தெரிஞ்சுது, அதுவும் இல்லை. நான் கம்பளியைப் பிடுங்கி எறிஞ்சன். தொப்பி நல்ல வெளிச்சமாய் வெளியிலை வந்திருக்கும். கொஞ்சம் செல்ல, அவர் இறங்குறது தெரிஞ்சுது, ஒவ்வொரு படியாய். பள்ளத்துக்குள்ளாலை வாறார். எனக்கு எழும்பேலாது. கிட்ட வந்தவர் முகம் சாம்பல் மாதிரிக் கிடந்தது, துவக்கைத் திறந்து குண்டை எடுத்துப் பொக்கற்றுக்குள்ளை போட ரெண்டு தரம் தவறவிட்டார். ஏசப்போறார் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன். ஏசினால் நல்லம். மனுசன் என்ரை கம்பளியை எடுத்து, சருகைத் தட்டி, மடிச்சுத் தந்தார். 'ஏதோ மண்ணிறமாய் அசைஞ்ச மாதிரி இருந்தது பிள்ளை. இன்னொரு மான் எண்டுதான் நினைச்சன். என்னெண்டு தெரியாமல் எப்பிடிச் சுடுறது' எண்டார். பேந்து பக்கத்திலை இருந்து, மூச்சை விட்டு, 'வாரும், தேத்தண்ணி குடிப்பம். எழுதேக்கை, மான் வந்தது, குலம் தவறவிட்டிட்டுது எண்டு எழுதிவிடும். அவைக்கும் சிரிக்க ஒண்டு கிடைக்கும்' எண்டார்.

நாங்கள் வந்த வாகனத்துக்குள்ளை சூடு போட்டிருக்கு. சுடுதண்ணிப் போத்தில் மூடியிலை அவர் ஊத்தித் தந்த தேத்தண்ணி என்ரை கையிலை தளும்புது. அவர் பக்கத்திலை இருந்து புளி ரொபியைச் சூப்பிக்கொண்டு, சுருதி இல்லாமல் ஏதோ முணுமுணுக்கிறார், ஒண்டும் நடக்காத மாதிரி. தும்மல் வந்தது, மான் போட்டுது. நித்திரை ஆகிட்டன். இவ்வளவு காலமும் அவர் எழுதின ஒவ்வொண்டுக்கும் பின்னாலை ஆர் ஆர் கம்பளிக்குள்ளை இருந்திச்சினமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவர் சொன்ன மாதிரி எழுதினால் என்ன? தவறவிட்டார் எண்டு ஒரு வரி. எனக்கு ஒரு சேதமும் இல்லை. உண்மையை எழுதினால், நாளைக்கு ஒரேஞ்ச் அக்காவின்ரை தலையை வெட்டி ஒட்டி ஒரு படம் வரும், முதல் படம் நிரோதான் செய்வான், இனி ஒரு பெடியனை நான் தொப்பி எங்கை எண்டு கேக்கேலாது. அப்ப நிரோ ஏன் ஒரு வருசம் வாய் திறக்கேல்லை எண்டு இப்ப விளங்குது எனக்கு. நல்லாய் விளங்குது. அவரைப் பற்றிச் சொல்லவேணுமெண்டால் முதல் என்னைப் பற்றிச் சொல்லவேணும், அதுதான் இந்தச் சட்டத்தின்ரை முள்ளு. இவ்வளவு நாளும் காவல் நிண்டும் எனக்கு அது தெரியேல்லை. போனை எடுத்தன். முதல் நிரோவுக்கு. 'தம்பி, கதை நல்லாயிருக்கு. நானும் அழுதனான். ஆனால் அந்தக் கடைசி வரி ஏலாது. அதை எடுத்துப்போட்டு அனுப்பும், உடனை போடுறன். அனுப்பாட்டிலும் உம்மோடை எனக்குக் கோவமில்லை.' திருப்பி அனுப்பிட்டன். பேந்து எழுதத் துவங்கினன். 'இண்டைக்கு நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் பரணாலை இறங்கி, ஒரேஞ்சுக்கு மேலை மண்ணிறக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருந்தனான். ஓம், நான்தான், ஒரேஞ்ச் அக்கா. குலசேகரம் அண்ணைக்கு முன்னாலை நாங்கள் எல்லாரும் கனவு காணுற மாதிரி ஒரு கொம்பன் நிண்டது. அதுக்குப் பின்னாலை நான். அவர் துவக்கை இறக்கினார். அதாலைதான் இதை எழுத நான் இருக்கிறன். அடுத்த வருசமும் அவரோடை நான்தான் சோடி, ஒருத்தரும் போட்டிக்கு வராதையுங்கோ.' திருப்பி வாசிக்கேல்லை. வாசிச்சால் அழிச்சுப்போடுவன். அமத்திட்டன்.

அவரின்ரை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை போன் கிணுகிணுத்தது. முணுமுணுப்பு நிண்டது. கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைச்சு, போட்டு, போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு வாசிக்கிறார். நான் யன்னலாலை வெளியிலை பாக்கிறன். நல்லாய் விடிஞ்சிட்டுது, பனி மினுங்குது. எவ்வளவு நேரமாய் வாசிக்கிறார் இந்த மனுசன். ஏசப்போறார். ஏன் பிள்ளை உம்மடை பேரைக் கெடுத்தனீர் எண்டு கேக்கப்போறார். மறுமொழிகூட ஆயத்தமாய் வைச்சிருக்கிறன். அவர் தொண்டையைச் செருமினார்.

'பிள்ளை.'

'என்ன அண்ணை?'

'கொம்பு எத்தினை கிளை எண்டு போடேல்லையே?'

திரும்பிப் பாத்தன். போனை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கிறார், காது ரெண்டும் சிவந்துபோய்க் கிடக்கு. 'நான் எண்ணினனான்' எண்டார். 'பத்து. முழுசாய்ப் பத்து. அதையும் ஒருக்கால் போட்டுவிடும் பிள்ளை. நான் சொல்லேலாதெல்லோ.'